வாரியல் இழுத்த பாதை

பாதை போட்ட அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பா. சுமை ஆட்டோவை ரோட்டோரம் போட்டுவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டி நின்றார். அம்மா. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இடது காலை முக்காலியில் நீட்டியிருந்தாள். அத்தை. அப்பாவுக்கு மூத்தவள், எங்களோடு இருந்தாள். மாமா. அம்மாவின் தம்பி, கனடாவிலிருந்து லீவில் வந்தவர். கொத்தனார். மேலகரத்துக்காரர், வேலைக்குக் கூப்பிட்ட ஆள். அவருடைய சித்தாள், சட்டி சுமக்கிற அக்கா. அப்புறம் நான். எட்டு வயது. ஈரச் சிமெண்டில் கோழி ஏறாமல் விரட்டுவது என் வேலை. கோழி அந்தப் பக்கமே வரவில்லை. அதனால் மற்ற எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்ததில் பாதி விளங்கவில்லை.

எங்கள் வீடு தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு முடுக்கு. ஒரு ஆள் குடையோடு வந்தால் எதிரே வருகிறவர் ஒதுங்க வேண்டும். சரிவு. செம்மண்ணில் அங்கங்கே கல் பதித்திருந்தது. சித்திரை, வைகாசியில் ஒன்றும் தெரியாது. ஆனியில் சாரல் விழத் தொடங்கினால் சீசன் முடிகிற வரைக்கும் அந்தக் கல் காயாது. பாசி ஏறிப் பச்சையாகிவிடும்.

அம்மா சீசனுக்குப் பழம் விற்கிறவள். ரம்புட்டான், மங்குஸ்தான். முடுக்கு ரோட்டில் சேருகிற இடத்தில் ஒரு மருத மரம் உண்டு. அதனடியில் சாக்கு விரித்து உட்காருவாள். அருவியில் குளித்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு நல்ல பசி இருக்கும். வண்டியை நிறுத்தி வாங்குவார்கள். மற்ற மாதமெல்லாம் அவள் அப்பாவிடம் கேட்டு வாங்கித்தான் செலவு செய்வாள். சீசனில் யாரிடமும் கேட்க மாட்டாள்.

முந்தின சீசனில் ஒரு காலை, தலையில் கூடையோடு அந்தக் கல்லில் கால் வைத்தாள். வழுக்கிவிட்டது. ரம்புட்டான் முடுக்கு முழுக்க உருண்டது. நான் பழத்தைப் பொறுக்கினேன். அம்மா எழுந்திருக்கவில்லை என்பதை அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.

தொடை எலும்பு. தகடு வைத்தார்கள். இன்னொரு தடவை விழுந்தால் அப்புறம் நடை கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாலு கால் வைத்த வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்குள் நடந்தாள். சாரல் தொடங்கியதும் வாசலோடு நின்றாள். முடுக்கில் இறங்க அப்பா விடவில்லை.

“இந்த வருசம் சும்மா இரி” என்றார்.

அம்மா வாக்கரைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். ஆனால் அவளுக்கு அது ஒரு வருஷக் கணக்கு இல்லை. மரத்தடி இடத்துக்குப் பட்டா கிடையாது. உட்காருகிறவள்தான் பட்டா. ஒரு சீசன் காலியாகக் கிடந்தால் உடம்பு சரியில்லை என்று மற்ற பழக்காரிகள் விட்டுவைப்பார்கள். இரண்டாவது சீசனும் காலி என்றால் விட மாட்டார்கள். அப்போதே கடலைக்காரி ஒருத்தி வந்து அந்த மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனதாகப் பேச்சு இருந்தது. சீசன் முடிவதற்குள் அம்மா மரத்தடிக்குப் போய்விட வேண்டும். இல்லாவிட்டால் அப்புறம் போய்ப் பிரயோஜனம் இல்லை.

இந்த நேரத்தில்தான் மாமா வந்தார்.

மாமா சின்ன வயதில் இங்கே கொத்து வேலைக்குப் போனவர். கடையநல்லூர் ஆள் ஒருவர் மூலமாகக் கத்தார் போனார். அங்கிருந்து கம்பெனி மாறிக் கனடா. அங்கே அவருக்கு வேலை நடைபாதை போடுவது. வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டுகிற ஊர். ரோட்டோரத்தில் மனிதர் நடக்கிற பாதை, வீட்டு வாசலுக்குப் போகிற பாதை, எல்லாம் சிமெண்ட். அதைப் போடுவதற்கே தனி ஆட்களாம். அத்தைக்கு இதில் நம்பிக்கை வரவில்லை.

“நடக்கதுக்கு வழி போடதுக்கா கனடா கூப்புட்டான்? இங்கன பஞ்சாயத்துல போட மாட்டானா?” என்றாள்.

“பஞ்சாயத்துல போடுவான் மைனி. மூணு மழைக்கு நிக்காதுல்லா.”

செல்போனில் படம் காட்டினார். எல்லாம் வெள்ளை. வீடு வெள்ளை, மரம் வெள்ளை, கார் வெள்ளை. நடுவில் மாமா, மூக்கு மட்டும் தெரிகிற மாதிரி போர்த்திக்கொண்டு வாளியிலிருந்து எதையோ அள்ளிப் பாதையில் வீசுகிறார்.

“அது என்னது மாமா?”

“உப்பு.”

“உப்பையா தரையில எறியுதே?” என்று அத்தை பதறினாள். “அத மிதிச்சா ஆகுமாலே?”

“மிதிக்கத்தான் போடுதோம். உப்புப் போட்டா ஐஸ் கரையும். கரையலன்னா கால வச்சதும் மல்லாந்துருவான்.”

உப்பு குழம்புக்கு என்றுதான் எனக்குத் தெரியும். அன்று ராத்திரி கொஞ்சம் உப்பை எடுத்து வாசல் கல்லில் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் கரையவில்லை. உப்புத்தான் கரைந்தது.

மாமாவின் பெட்டியில் சாக்லேட் இருந்தது. தென்காசியில் யாராலும் போட முடியாத ஒரு தடி கோட்டு இருந்தது. காலுறைக்குள் சுற்றி ஒரு பாட்டில் இருந்தது. அத்தை அதைத் திறந்து மோந்து பார்த்தாள். செண்டு இல்லை. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தாள். நுரைத்தது. ஷாம்பு என்று முடிவு செய்து அலமாரியில் தன் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டாள். மாமா அதைத் தேடி வீட்டையே புரட்டிப் போட்டார்.

“மைனி, அது சிமெண்ட்ல ஊத்துத மருந்து.”

“சிமெண்டுக்கு என்ன சீக்கு?”

மாமா விளக்கிச் சொன்னார். அங்கே சிமெண்டுக்குள் தண்ணீர் இறங்கும். குளிரில் அது உறையும். உறைந்தால் பெருக்கும். பெருக்கத் தண்ணீருக்கு இடம் இல்லாவிட்டால் சிமெண்டைப் பிளந்துவிடும். அதனால் கலக்கும்போதே இந்த மருந்தை ஊற்றி, கண்ணுக்குத் தெரியாத குமிழியாகக் காற்றை உள்ளே வைத்துவிட வேண்டும். தண்ணீர் பெருத்தால் அந்தக் குமிழிக்குள் போய்க்கொள்ளும்.

“தண்ணிக்கும் போக ஒரு எடம் வேணும்லா” என்றார்.

இங்கே தண்ணீர் எப்போது உறைந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவர் கைக்கு அந்த ஒரு வேலைதான் தெரியும். அக்காவுக்கு அதைச் செய்து கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தார். அதில் ஒன்றைக் கூடக் குறைக்க அவருக்கு மனசில்லை.

சாரல் வெறித்த ஒரு நாள் பார்த்து வேலை தொடங்கினார்கள். பழைய கல்லைப் பெயர்த்தார்கள். மாமா முழங்கால் ஆழத்துக்கு மண்ணை எடுக்கச் சொன்னார்.

கொத்தனார் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். “அண்ணாச்சி, வீட்டுக்கு அஸ்திவாரமா போடுதோம்? நடக்கத்தான போறாவ?”

“அடில ஈரம் நிக்கக் கூடாது கொத்தனாரே. நின்னா மண்ணு உறஞ்சி மேல தூக்கிரும்.”

“மண்ணு தூக்குமா?”

“பாதையையே தூக்கிரும்.”

கொத்தனார் சித்தாளைப் பார்த்தார். சித்தாள் வேறு பக்கம் பார்த்துச் சிரித்தாள். காசு வருகிறது, தோண்டினார்கள். ஜல்லியைக் கொட்டி இடித்தார்கள். இரண்டு பக்கமும் பலகை அடைத்தார்கள். கொத்தனார் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் நிற்கவில்லை. பலகையைத் தட்டிச் சரி செய்யப் போனார். மாமா தடுத்தார். தண்ணீர் ஒரு பக்கமாக வழிய வேண்டும், சாய்வாகத்தான் இருக்க வேண்டும் என்றார்.

“கோணலாப் போட்டுட்டான்னு என் பேரத்தான சொல்லுவான்” என்றார் கொத்தனார்.

“எம் பேரச் சொல்லச் சொல்லுங்க.”

“நீங்க பிளேன் ஏறிருவிய.”

கலவை போடும்போது மாமா பாட்டிலைத் திறந்து, மூடியில் அளந்து ஊற்றினார். கொத்தனாருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. “நாங்க காத்து நிக்கக் கூடாதுன்னு கம்பிய விட்டுக் குத்துதோம். இவரு காத்த வெலைக்கு வாங்கி ஊத்துதாரு” என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா லுங்கியை அவிழ்த்து மறுபடி மடித்துக் கட்டினார். அவர் முகம் ஏற்கெனவே சரியில்லை. காலையிலிருந்து தம் வீட்டு முடுக்கில் தம்மை யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்பது அவருக்கு இருந்திருக்கும்.

கொட்டி முடித்தார்கள். மாமா ஒரு தகட்டை வைத்துக் குறுக்கே கோடு கோடாகக் கிழித்தார். புதுச் சிமெண்டைப் பிஸ்கட் மாதிரி பங்கு போட்டது எனக்குப் பிடித்திருந்தது. எதற்கு என்று கேட்டேன்.

“சிமெண்ட்னா வெடிக்கும் பிள்ளே. எங்கன வெடிக்கணும்னு நாமளே சொல்லிரணும். சொல்லலன்னா அது இஷ்டத்துக்கு வெடிக்கும்.”

“வெடிக்கட்டும்னு சொல்லியே போடுதான்” என்றாள் அத்தை. “எந்த ஊருலயும் பாக்கல.”

இதற்கு மேல் கொத்தனார் வழியில் ஒரே ஒரு வேலைதான் பாக்கி. சிமெண்ட் பால் ஊற்றி, கரண்டியால் தேய்த்து வழவழவென்று ஆக்க வேண்டும். எங்கள் பக்கம் அதுதான் வேலை. முகம் தெரிகிற மாதிரி தேய்த்தால்தான் கொத்தனார். கொத்தனாரும் அதற்குத்தான் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். மாமா வேண்டாம் என்றார். மேலே தண்ணீர் நிற்கிறது, அது இறங்கட்டும் என்றார்.

இறங்கவில்லை. காற்றெல்லாம் ஈரம். மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். டீ வந்தது. இன்னொரு டீயும் வந்தது. சித்தாள் வீட்டுக்குப் போகணும் என்று முணுமுணுத்தாள். மலை மேல் மேகம் இறங்கியது. அத்தை உள்ளே போய் விளக்கு ஏற்றினாள்.

அப்போதுதான் மாமா எழுந்தார். “இப்பத்தான் பதம்” என்றார். நேரே எங்கள் வீட்டுக்குள் போய்ப் புது வாரியலை எடுத்து வந்தார். வாரியல் என்றுதான் எங்கள் பக்கம் விளக்குமாறைச் சொல்வது. அதை ஒரு கம்பில் கட்டினார். வீட்டு வாசலை ஒட்டி வைத்து, பாதையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மெல்ல இழுத்தார். ஈரச் சிமெண்டில் வரி வரியாக விழுந்தது. எண்ணெய் வைத்துச் சீவின தலை மாதிரி இருந்தது. ஒரு அடி தள்ளி மறுபடி இழுத்தார். இப்படியே வாசலிலிருந்து ரோட்டைப் பார்த்துப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார்.

அத்தை திருநீறோடு வெளியே வந்தாள். பார்த்தாள். கத்தினாள்.

“ஏலே! வெளக்கு வச்ச நேரத்துல வாரியலத் தொட்டுட்டியே! அதுவும் வாசல்ல இருந்து தெருவப் பாத்து இழுக்கியே! வீட்டுல இருக்கத எல்லாம் வாரி வெளிய தள்ளுதியாலே?”

மாமா நிறுத்தவில்லை. “மைனி, சிமெண்ட் நிக்காது. இன்னும் செத்த நேரம் போச்சுன்னா கல்லாயிரும். இது இழுத்தாத்தான் கால் வழுக்காது.”

“காலையில இழு.”

“காலையில உளிதான் இழுக்கணும்.”

“தம்பி, நீ பாத்துக்கிட்டு நிக்க?” என்று அத்தை அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா ஒரு அடி முன்னே வந்தார். “மாப்ளே, வச்சிருங்க. கொத்தனார் பூசட்டும்.”

“பூசினா அக்கா விழுவா அத்தான்.”

“எங்க வீட்ல எப்படி நடக்கணும்னு எங்களுக்குத் தெரியும்.”

மாமா கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார். அதுவரை சிரித்துக்கொண்டேதான் பேசிக்கொண்டிருந்தார். “அங்கன ஒருத்தர் விழுந்தா அந்த வீட்டுக்காரன் பதில் சொல்லணும் அத்தான். இங்கன எங்க அக்கா விழுந்ததுக்கு யாரு பதில் சொன்னா?”

சித்தாள் சட்டியைக் கழுவுவதை நிறுத்தினாள். அம்மா நாற்காலியிலிருந்து, “விடுலே” என்றாள். அது மட்டும்தான் சொன்னாள்.

சண்டை வாரியலைப் பற்றியது என்றுதான் நான் நினைத்தேன். வாரியலைக் காலையில் இழுத்தால் போயிற்று, இதற்கு ஏன் அப்பாவின் கழுத்து நரம்பு இப்படித் தெரிகிறது என்று நினைத்தேன். அந்தக் கல்லைப் பெயர்த்துப் போடச் சொல்லி அம்மா வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்ததும், சீசன் முடியட்டும் என்று அப்பா தள்ளிக்கொண்டே வந்ததும் என் காதில் விழுந்த பேச்சுத்தான். இதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

“கொத்தனாரே, பூசுங்க” என்றார் அப்பா.

கொத்தனார் காத்திருந்தவர். சிமெண்ட் பாலை ஊற்றி வாசலிலிருந்து தேய்க்க ஆரம்பித்தார். வரியெல்லாம் மறைந்தது. மாமா அவரைத் தடுக்கவில்லை. ஆனால் தாமும் நிறுத்தவில்லை. ரோட்டுப் பக்கமாக இழுத்துக்கொண்டே போனார். ஒருவர் அழித்துக்கொண்டு வருகிறார், ஒருவர் இழுத்துக்கொண்டு போகிறார். ஒரே பாதை. நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன். எது வேலை, எது வேலையைக் கெடுப்பது என்று தெரியவில்லை.

கொத்தனார் பாதி வந்தபோது சாரல் இறங்கிவிட்டது. அவர் கரண்டியை விட்டெறிந்துவிட்டுத் தார்ப்பாய்க்கு ஓடினார். எல்லாருமாக மூடினோம். தார்ப்பாய் பற்றவில்லை. சாக்கு போட்டார்கள். அதுவும் பற்றாமல் மாமா வீட்டுக்குள் போய் என் கம்பளியையும் அம்மாவின் கம்பளியையும் எடுத்து வந்து தார்ப்பாய் மேல் விரித்தார்.

“மாமா, அது எதுக்கு?”

“குளிரும்லா.”

“சிமெண்டுக்கா?”

மாமா கம்பளியைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். கனடாவில் ராத்திரி இப்படி மூடாவிட்டால் சிமெண்ட் உறைந்து செத்துவிடுமாம். தானாகச் சிரித்துக்கொண்டார். “கை பழகிட்டு பிள்ளே” என்றார். ஆனால் எடுக்கவில்லை. அன்று ராத்திரி சிமெண்ட் போர்த்திக்கொண்டு படுத்தது. நான் போர்த்தாமல் படுத்தேன்.

ஒரு வாரம் யாரும் மிதிக்கக் கூடாது என்றார் மாமா. பக்கத்து வீட்டு வாழைக்கொல்லை வழியாகப் போய் வந்தோம். அப்பாவும் மாமாவும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பேச்சு என் வழியாக நடந்தது. மாமாவுக்குச் சோறு போதுமா கேள், அப்பாவிடம் தண்ணீர்ச் செம்பைக் கொடு. நான் சொல்வதற்குள் அவர்களே கேட்டுவிடுவார்கள். இருந்தாலும் நான் சொல்ல வேண்டும்.

மூடியதை எடுத்தபோது பாதை பளிச்சென்று கிடந்தது. வாசல் பக்கம் வழவழவென்று, சாமி தேர் போகலாம் போல. ரோட்டுப் பக்கம் வரி வரியாக. பார்க்க வந்தவர்கள் எல்லாம் வாசல் பக்கத்தைத் தடவிப் பார்த்து நல்லாயிருக்கு என்றார்கள். ரோட்டுப் பக்கத்தைப் பார்த்து, கொத்தனார் பாதியில் போய்விட்டாரா என்று கேட்டார்கள். மாமா அதையும் கேட்டுக்கொண்டுதான் பெட்டியைக் கட்டினார். கிளம்பும்போது அம்மாவிடம் ஒன்று சொன்னார்.

“அக்கா, அத்தான் பூசச் சொன்ன பக்கம் மட்டும் ஆரையாவது பிடிச்சிக்கோ. பொறவு நீயே போயிருவ.”

அவர் போன மறுநாள் அம்மா நடந்து பார்த்தாள். சாரல் தூறிக்கொண்டிருந்தது. அப்பா பக்கத்தில் நின்றார். வாக்கரைத் தூக்கி வழவழப்பில் வைத்தாள். அதன் ரப்பர் கால், தண்ணீரில் விட்ட கப்பல் மாதிரி முன்னால் போயிற்று. அம்மா பின்னால் சாய்ந்தாள். அப்பா இரண்டு கையாலும் பிடித்துவிட்டார். பிடித்தவர் உடனே விடவில்லை.

“இன்னைக்கு வேண்டாம்” என்றார். அம்மா திரும்பி உள்ளே போனாள்.

அடுத்த நாள் விடியற்காலையில் அப்பா எலுமிச்சை ஏற்றப் புளியங்குடிச் சந்தைக்குப் போய்விட்டார். அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

“ஏட்டி, அம்மி கொத்துத உளிய எடுத்துட்டு வா. சுத்தியலும் எடு.”

எங்கள் வீட்டு அம்மி தேய்ந்தால் அம்மாவேதான் கொத்துவாள். தெருவில் வருகிற ஆள் கொத்தினால் மிளகாய் அரைபடாது, மணல்தான் வரும் என்பாள். எடுத்துக் கொடுத்தேன். அம்மிக்குப் போகாமல் வாசலுக்குப் போனாள். உட்காருகிற பலகையைப் போட்டு, சுவரைப் பிடித்து மெல்ல இறங்கி, பாதையிலேயே உட்கார்ந்தாள். இடது காலை நீட்டிக்கொண்டாள். உளியை அந்த வழவழப்பில் வைத்து ஒரு தட்டு. சில்லு தெறித்தது. இன்னொரு தட்டு.

எனக்குப் பயமாகிவிட்டது. அம்மாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. இதுதான் கோபமோ என்று நினைத்தேன். காசு கொடுத்துப் போட்டதை, இரண்டு ஆண்கள் சண்டை போட்டுப் போட்டதை, இவள் உட்கார்ந்து உடைக்கிறாள். முகத்தில் ஒன்றும் இல்லை. அம்மி கொத்துகிற முகம்தான்.

அத்தை ஓடி வந்தாள். “என்னட்டி செய்யுத?”

“கொத்துதேன் மைனி.”

“அது தெரியுது. எதுக்கு?”

“அம்மிய எதுக்குக் கொத்துதோம்?”

வாரியல் கூடாது என்பதற்கு அத்தையிடம் காரணம் இருந்தது. உளி கூடாது என்பதற்குத் தேடினாள், அகப்படவில்லை. “தம்பி வரட்டும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அப்புறம் தலையில் போட ஒரு துண்டு கொண்டு வந்து கொடுத்தாள். சாரல் விழுகிறது என்றாள்.

கொத்துவது, பலகையை நகர்த்துவது, கொத்துவது. அம்மாவால் நிறைய நேரம் முடியவில்லை. கால் மரத்துப்போகும், கொஞ்சம் நிறுத்துவாள். மத்தியானம் ஆட்டோ சத்தம் கேட்டது. நான் எழுந்து உள்ளே போகலாமா என்று பார்த்தேன். அம்மா தட்டுவதை நிறுத்தவில்லை.

அப்பா முடுக்கில் வந்தார். வரி போட்ட பகுதியைத் தாண்டி, வழவழப்பு தொடங்குகிற இடத்தில் நின்றார். அம்மா அம்மை போட்ட மாதிரி ஆக்கியிருந்த இடத்தைப் பார்த்தார். அதைச் சுற்றி ஓரமாக நடந்து வீட்டுக்குள் போனார். கை கழுவினார். சாப்பிட்டார். அத்தை அவர் காதருகே என்னவோ சொல்லிக்கொண்டே மோர் ஊற்றினாள்.

சாப்பிட்டுவிட்டு ஆட்டோவுக்குப் போனார். டயர் கழற்றுகிற பெட்டியிலிருந்து ஒரு உளியும் சுத்தியலும் எடுத்து வந்தார். வழவழப்பின் அந்த முனையில், அம்மாவுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கொத்த ஆரம்பித்தார்.

டொக் டொக் என்று இரண்டு சத்தம் மட்டும் கேட்டது. அம்மா ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

“ரொம்ப ஆழமாக் கொத்தாதிய. தண்ணி நிக்கும்” என்றாள்.

அப்பா மெதுவாகத் தட்டினார்.

பூசச் சொன்னவரே கொத்துகிறார். கொத்தினால் கோபிப்பாள் என்று நினைத்த அத்தை காலையில் எழுந்து சில்லையெல்லாம் பெருக்கித் தள்ளுகிறாள், அதே வாரியலால், வாசலிலிருந்து ரோட்டைப் பார்த்துத்தான். காலை என்றால் குற்றமில்லையாம். பெரியவர்கள் செய்வதில் ஒரு ஒழுங்கு இருக்கும், படித்தால் தெரிந்துவிடும் என்று அப்போது நம்பினேன். எட்டாவதோடு நின்றுவிட்டேன். அதனால்தான் தெரியவில்லையோ என்னவோ.

மாமா போனில் வந்தபோது அம்மா பாதையைக் காட்டினாள். அவர் தலையில் கை வைத்தார்.

“ஐயோ அக்கா! இப்படிக் குழி குழியாக் கொத்தினா ஒரு குளிர் காலம் தாங்காது. தண்ணி நின்னு உறஞ்சி அப்படியே பேத்துரும்.”

“இங்கன எங்கலே உறயுது?”

மாமா தலையிலிருந்து கையை எடுத்தார். அவருக்குப் பின்னால் வெள்ளையாக எதுவும் தெரியவில்லை. அங்கேயும் அப்போது வெயில் காலம்தான். “அத்தான் எங்க?” என்று கேட்டார். அம்மா போனை அப்பாவிடம் கொடுத்தாள். “சாப்பிட்டீங்களா மாப்ளே?” என்றார் அப்பா. சாப்பிட்டேன் என்று பதில் வந்தது. எனக்கு அந்தத் தூது வேலை போயிற்று.

ஆவணி பிறந்துவிட்டது. பாதை முழுக்கச் சொரசொரப்பானது. ஒரு பாதி வரி, ஒரு பாதி பொரி. அழகு என்று யாரும் சொல்லவில்லை. சீசன் இன்னும் கொஞ்ச நாள்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்றும் சொன்னார்கள்.

ஒரு சாயங்காலம் அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாக்கரை எடுத்தாள். பொடித் தூறல். அப்பா ரோட்டு முனையில் ஆட்டோவுக்குப் படுதா கட்டிக்கொண்டிருந்தார். பிடிக்க வரவில்லை. ஆனால் படுதாவையும் கட்டவில்லை, கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் குடையோடு அம்மாவின் பக்கத்தில் நடந்தேன். வாக்கர், வலது கால், இடது கால். கொத்தின இடத்தில் ரப்பர் பற்றி நின்றது. வரி போட்ட இடத்திலும் நின்றது. எங்கேயும் அவள் நிற்கவில்லை. மருத மரத்தடிக்கு வந்துதான் நின்றாள்.

அங்கே அவளுக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. கூடை இல்லை, சாக்கு இல்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குற்றாலத்திலிருந்து வேன்கள் வந்தன. ஜன்னல் கம்பியில் ஈரத் துண்டு பறந்தது. கார்கள் வந்தன. மொட்டைத் தலையில் எண்ணெய் மினுங்க ஒரு பஸ் நிறைய ஆட்கள் போனார்கள். அம்மாவின் உதடு அசைந்தது. சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

“வீட்டுக்குப் போவமா ம்மா? கை வலிக்கி.”

“சும்மா கெட. விட்டுப்போயிரும்.”

எது விட்டுப்போகும் என்று தெரியவில்லை. குடையைக் கை மாற்றிப் பிடித்தேன். நடக்க முடியவில்லை என்று அழாதவள், பாதை வேண்டும் என்று இத்தனையும் செய்தவள், கடைசியில் பாதை முடிகிற இடத்தில் வந்து சும்மா நிற்கிறாள். இதற்குத்தானா என்று இருந்தது.

இருட்டு கட்டியது. அம்மா வாக்கரைத் திருப்பினாள். அப்பா கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். அவளைப் பார்க்காமலேயே கேட்டார்.

“எத்தன?”

எது எத்தனை என்று அவர் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். சாயங்காலம் திரும்புகிற வண்டியை எண்ணித்தான் மறுநாளைக்கு எத்தனை பெட்டி பழம் எடுப்பது என்று முடிவு செய்வார்கள். அப்பா விடிவதற்கு முன்னே ஆட்டோவில் போய் எடுத்து வர வேண்டும். அது நான் கூடை தூக்க ஆரம்பித்த பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரியாது. அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு எண்ணைச் சொன்னாள்.

நாற்பத்தாறு.